செல்வத்துக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தம்பி செல்வத்துக்கு முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது, ராணுவ ஆள் சேர்ப்பு முகாமுக்கு இனி போக முடியாது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றுக் காற்றுதான் காதை அறுக்கிறது. ஹீட்டரைக் குறைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், அதுவே போதும். அத்தை கொடுத்த பருப்புப் பொடி இன்னும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நவம்பர் வந்தால் வேறு பேச்சே கிடையாது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் 1912 ஃபுட்பால் அணிதான். நம் கால்பந்து இல்லை அப்பா, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம். அவர் பிறப்பதற்கு முந்தைய கதை. ஆனாலும் நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்வார்.

அந்த நவம்பர் 9 அன்று கார்லைல் பள்ளியிலிருந்து அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகள் ஆட வந்தார்கள். குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழி பேசவிடாமல் வளர்த்த அரசுப் பள்ளி அது. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப் அவர்கள் அணியில் இருந்தார். தங்கள் தாத்தாக்களைத் துரத்திய ராணுவத்தை அதன் மைதானத்திலேயே 27-6 என்று அடித்துவிட்டுப் போனார்கள். பெரியவர் பட்டாளத்துக் குடும்பம், அவருக்கே இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். என் மனசும் கார்லைல் பக்கம்தான்.

தோற்ற அணியில் ஐசன்ஹோவர் என்ற 22 வயதுப் பையன். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் அணியோடு ஆடும்போது முட்டி போனது. அப்புறம் குதிரைப் பயிற்சியில் அது முழுசாகவே கெட்டுவிட்டது. மறுபடி ஆடவே இல்லை. கடைசியில் கடற்படைக் கல்லூரி அணியிடமும் 6-0 தோல்வி. கல்லூரியையே விட்டுவிடலாமா என்று யோசித்தாராம். பிற்பாடு இரண்டாம் உலகப் போரில், 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பை நடத்தியவர் அவர். ஆனால் செல்வத்துக்கு அதைச் சொல்ல வேண்டாம். முட்டி போனபின் இளைய அணிக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஏரிக்கரைப் பையன்களுக்கு நம் செல்வத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன சனிக்கிழமை பெரியவர் அந்தப் பழைய மைதானத்துக்குக் கூட்டிப்போனார். எங்கோ விசில் ஊதியதும், சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரல் வரும் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். வந்துவிடலாம் போல இருந்தது அப்பா.

சரி. ஆபரேஷனுக்கு அத்தை நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தில் 25 வயதுக்குட்பட்ட மகனுக்கும் சிகிச்சை உண்டு. கார்டை எடுத்துக்கொண்டு வேலூரில் போய்க் கேளுங்கள். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், கவலைப்படாதீர்கள். கிணற்று மோட்டார் பங்கு பற்றிச் சித்தப்பாவிடம் இப்போது பேச வேண்டாம். ஞாயிறு காலை நானே போன் செய்கிறேன்.

அன்புடன்,
ராஜா