வைன் கறையோடு கொடுத்த பட்டுச் சேலையைப் பழுதாக்கியமை தொடர்பான முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

என் மகளின் வெள்ளைப் பட்டுச் சேலையை உங்கள் மட்டக்களப்புக் கிளையில் உலர்சலவைக்குக் கொடுத்திருந்தேன். கலியாண வரவேற்பில் கேக் வெட்டி வைன் பரிமாறியபோது முந்தானையில் சிவப்பு வைன் சிந்திவிட்டது. உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் மீண்டும் ஒற்றினோம். தேய்க்கவில்லை, சவர்க்காரம் போடவில்லை. மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து, "தம்பி, இது பட்டு. பட்டிருப்பது சிவப்பு வைன்" என்று இரண்டையும் சொல்லித்தான் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் எழுதப்பட்டது "சேலை 1, கறை" மட்டும்.

திரும்பி வந்த சேலையில் கறை சாம்பல் நீலமாக இருக்கிறது. விளிம்பு மண்ணிறம். தேய்த்த இடத்தில் இழை பிசிறடித்துப் பளபளப்புச் செத்துவிட்டது. இந்தக் கோலத்தில் அதைச் சூடாக மினுக்கி, மடிப்புக் கலையாமல் பொலித்தீன் உறையில் வேறு போட்டிருந்தீர்கள். மினுக்கியவர் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்?

உங்கள் தலைமை அலுவலகத்தில் தொலைபேசியில் பேசியவர், "வைன் கறை போகாதுதானே டீச்சர்" என்றார். போகவில்லை என்பதல்ல என் முறைப்பாடு. எங்களால் முடியாது என்று தொடாமல் திருப்பித் தந்திருந்தால் நன்றி சொல்லி வாங்கியிருப்பேன். போக வாய்ப்பிருந்த கறையைப் போகாததாக்கித் தந்திருக்கிறீர்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். வைனின் சிவப்பு, திராட்சைத் தோலிலுள்ள அந்தோசயனின். செவ்வரத்தம்பூச் சாற்றை வைத்து மாணவர்கள் அமிலம், காரம் சோதிப்பதும் இதே வகைச் சேர்வையால்தான். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலம், பச்சை என்று மாறும். சேலையில் காரச் சவர்க்காரம் பட்டிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பட்டு புரத இழை, காரம் அதற்கு ஆகவே ஆகாது. மண்ணிற விளிம்பு வைனிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளால் வந்தது; சூடு பட்டால் அது இழையோடு பிடித்துக்கொள்ளும். கறை போகுமுன் மினுக்கக்கூடாது என்பது வீட்டில் உடுப்புத் தோய்ப்பவர்களுக்கே தெரியும்.

உலர்சலவைத் திரவம் எண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வைன் போன்ற நீர்க்கறையைக் கரைக்காது. அதற்கு முன்கூட்டியே தனியாகக் கைவைத்தியம் பார்க்க வேண்டும்: குளிர்ந்த நீரில் கொஞ்சம் வினாகிரி, காரமில்லாத சலவைத் திரவம், அதற்கும் மிஞ்சினால் ஓரத்தில் ஒரு துளி விட்டுச் சோதித்துவிட்டு 3% ஐதரசன் பெரொக்சைட்டு. எந்தக் கறை, எந்தத் துணி என்று சீட்டில் எழுதாமல் உள்ளே அனுப்பினால் உள்ளே இருப்பவர் எதை வைத்து முடிவெடுப்பார்? அந்தத் தம்பியின் சம்பளத்தில் கைவைக்க வேண்டாம். எழுதுவதற்கு உங்கள் பற்றுச்சீட்டில் இடமே இல்லை.

முதலில், சேலையில் என்னென்ன போட்டீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். குளோரின் வெளிற்றி போட்டிருந்தால் அதன்மேல் நான் வினாகிரி விட முடியாது, நச்சு வாயு கிளம்பும். இனி யாரிடம் கொண்டுபோனாலும் அவர்கள் கேட்கப்போகும் முதற்கேள்வியும் அதுவே.

அடுத்தது, சேலையின் விலையைத் தர வேண்டும். கடைப் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். சலவைக் கூலியின் ஐந்து மடங்குக்கு மேல் பொறுப்பில்லை என்று உங்கள் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறனோடும் வழங்கச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்பேன்.

அடுத்த சலவை இலவசம் என்று கூப்பன் எதுவும் அனுப்ப வேண்டாம். சேலை என்னிடமே இருக்கிறது, மீண்டும் உங்களிடம் ஒப்படைக்க மாட்டேன். பரிசோதிக்க விரும்பினால் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு ஆளனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்