ஈரக் கச்சான் (நிலக்கடலை)

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மகள் கணக்கில் ஏ எடுத்தது சந்தோஷம். தாயின் மூளைதான், அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடி மாஸ்ரருக்கும் சொல்லு, நம்பமாட்டார்.

எங்கள் கொம்பனியில் போன கிழமை ஒரு பெரிய வாக்குவாதம். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு லொறி கச்சான் வந்தது. முல்லைத்தீவு மணல்காணிக் கச்சானின் ருசி உனக்குத் தெரியும். ஆனால் இந்தமுறை பிடுங்குகிற நேரம் மழை. சாக்குப் பிரிக்கிற அக்கா ஒரு பிடி அள்ளிக் காதடியில் குலுக்கினார். காய்ந்த கச்சான் என்றால் கோதுக்குள் பருப்பு கலகலக்கும். இதில் சத்தமே இல்லை. மீற்றர் வைத்தால் பருப்பில் ஈரம் 11 சதவீதம். நாங்கள் 8க்கு மேல் எடுப்பதில்லை. “இறக்க வேண்டாம்” என்றுவிட்டார்.

லொறிக்காரர் கத்தினார். முதலாளி “வறுத்தால் சரிவரும்தானே” என்றார். வராது மச்சான்! ஈரக் கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். வறுத்தால் பூஞ்சணம் செத்துப்போகும், ஆனால் அது விட்ட அஃப்ளாரொக்சின் நஞ்சு முழுக்கப் போகாது. ஈரலில் புற்றுநோய் கொண்டுவருகிற சாமான் அது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான், தீனியில் கலந்த கச்சான் புண்ணாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சாக்கில் ஒருசில பருப்பில் மட்டும் இருக்கலாம். ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற மாதிரியில் அந்தப் பருப்பு அகப்படாமலே போகலாம். அதனால் வாசலில் பிடித்தால்தான் உண்டு.

ஹசப் (HACCP) என்கிற உணவுப் பாதுகாப்பு முறை பிறந்ததே இப்படித்தான். நாசாவுக்காக விண்வெளி உணவு செய்தவர்கள், செய்து முடித்த பிறகு சோதித்து நிச்சயப்படுத்துவதென்றால் தின்ன மிச்சம் இராது என்று கண்டார்கள். பிழை வரக்கூடிய இடத்திலேயே காவல் வைத்தார்கள்.

எங்களுக்கும் ஐஎஸ்ஓ 22000 என்கிற உணவுப் பாதுகாப்புத் தரத்துக்கான கோப்பு இருந்தது, தடித்த கோப்பு, முழுக்க இங்கிலீஷ். வறுக்கிற சூட்டுக்கான கொப்பியில் மாதம் முழுக்க ஒரே இலக்கம், ஒரே பேனை. பின்னேரம் யாரோ ஒரேயடியாக நிரப்பியது. எனக்கு வயிறு எரிந்தது. வேலைப் பக்கங்களைத் தமிழில் எழுதினேன். ஈரம் கூடினால் சாக்குப் பிரிப்பவரே லொறியை நிறுத்தலாம் என்று ஒரு வரி போட்டு, முதலாளியின் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தார். முதலாளி வாசித்தார், பிறகு ஒன்றும் பேசவில்லை. லொறி திரும்பியது.

ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கச்சான் யாரோ ஒரு குடும்பத்தின் போகம் முழுக்க. நாங்கள் திருப்பினால் ஈரம் பார்க்காத வியாபாரி அரைவிலைக்கு வாங்குவான், நஞ்சும் ஊருக்குள்ளேதான் சுற்றும். காயவிட இடம் இருந்தால் அந்தச் சனத்துக்கு இந்த நட்டம் வராது.

உங்கள் சங்கத்தின் நெல் காயவிடும் தளத்தில் ஒரு பக்கத்தை அடுத்த போகத்துக்குத் தருவார்களா? படங்கும் மீற்றரும் நாங்கள் தருகிறோம், முதலாளியிடம் கேட்டுவிட்டேன். தலைவர் உன் மச்சினன்தானே. கலியாணவீட்டுப் பந்தல் கதையை எடுக்காமல் நல்லமாதிரிக் கேள். மாதம் முடியமுதல் பதில் போடு.

அன்புடன்,
உன் மச்சான்