செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நான் நேராக, நம் சங்கம் தீவனம் சேர்த்துத் தரும் யானைகளிடம் வந்துவிடுகிறேன்.

நம் திருச்சிக்குப் பக்கத்தில், சமயபுரம் தாண்டி, எம்.ஆர்.பாளையத்தில் யானைகள் மறுவாழ்வு மையத்தை வனத்துறை 2019 முதல் நடத்திவருவது உங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலைச் சேர்ந்த சந்தியா, இந்து, ஜெயந்தி மூன்றும் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் அங்கே சேர்ந்தவை. ‘குடும்பத்தோடு போய்ப் பார்க்க சங்கமே ஒரு நாள் ஏற்பாடு செய்யக் கூடாதா?’ என்று இந்த ஆண்டும் பலர் கேட்டீர்கள். செயற்குழு பேசிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. கூட்டம், செல்போன், வாழைப்பழச் சீப்பு, தலையில் துதிக்கை வைத்து ஆசி, இதையெல்லாம் அந்த யானைகள் ஆயுள் முழுக்கப் பார்த்துவிட்டன. யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற நிலை இப்போதுதான் அவற்றுக்கு வாய்த்திருக்கிறது. அதற்குள் நாம் போய் நிற்க வேண்டாம். பார்க்காமல் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரியம் வரும் என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போனோம்.

லால்குடிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் வாய்க்கால் ஓரத்தில் யானைத் தீவனத்துக்காகக் கோ-4 என்ற தீவனப்புல் ரகத்தின் கரணை ஊன்ற இடம் கொடுத்தார்கள். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோ வரை பசுந்தீவனம் வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டதும் பிள்ளைகள் தாங்கள் அறுத்துக் கட்டிய புல்லுக்கட்டை எடைபோட்டுப் பார்த்தார்கள். ஒரு யானையின் காலைத் தீனிக்கே அது போதாது என்று புரிந்துகொண்டார்கள். சித்திரை, வைகாசியில் பச்சைக்குத் தட்டுப்பாடு வரும்போது இந்தப் புல்லும் சோளத்தட்டும் கைகொடுக்கும். பொங்கல், சாதம், வெல்லம் தருகிறோம் என்று வருபவர்களிடம் அந்தப் பணத்தைத் தீவன நிதியில் சேர்க்கச் சொல்கிறோம். நாளின் பெரும்பகுதி மென்றுகொண்டே இருப்பதற்கு அமைந்த வயிறு அது. கவளமும் இனிப்பும் கூடி நடை குறைந்தால் உடல் பெருத்துக் கால்தான் முதலில் கெடும்.

உலக யானைகள் தினமான ஆகஸ்ட் 12 அன்று ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் நம் கூட்டத்தில் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி அதுதான் என்பேன். கருங்கல்லிலும் சிமெண்ட் தரையிலும் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற யானைக்கு நகம் வெடிக்கும், உள்ளங்கால் தேயும், சீழ் வைக்கும். மறுவாழ்வு என்றால் முதல் வேலையே காலைக் கழுவி, மருந்து கலந்த வெந்நீரில் ஊறவைத்து, நகத்தை அரத்தால் ராவி, மண் தரையில் நடக்க விடுவது. மூட்டு வலிக்கும் யானை படுக்கவே அஞ்சும், படுத்தால் எழ முடியுமோ என்று. அதற்காக மணலைக் குவித்து வைப்பார்களாம். அதில் சாய்ந்து தூங்கிவிட்டு எழுவது எளிது. பல்லைப் பற்றியும் சொன்னார். யானைக்குக் கடைவாய்ப் பல் வாழ்நாளில் ஆறு முறை முளைக்கும். அறுபது வயதைத் தாண்டினால் கடைசிப் பல்லும் தேய்ந்துவிடும், அப்புறம் தீவனத்தைப் பொடியாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். மதுராவில் 2018-இல் யானைகளுக்கென்றே திறந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களையும் காட்டினார்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் நிற்பது துணையைப் பற்றி அவர் சொன்னது. பெண் யானை தாய், சகோதரி, பிள்ளை என்று கூட்டமாகவே வாழும் பிறவி. பல ஆண்டுகள் தனியாக நின்ற யானையைத் திடீரென்று மற்ற யானைகளோடு விடவும் முடியாது. முதலில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிறுத்தி, துதிக்கையால் முகர்ந்து பழக விட்டு, அப்புறம்தான் சேர்ப்பது. சில யானைகளுக்கு இதற்கு மாதக் கணக்கில் ஆகும். சேர்ந்துவிட்டால் ஒன்றை விட்டு ஒன்று நகராது.

2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தார்கள். நாம் சிறப்புக் கூட்டம் கூட்டி அஞ்சலி செலுத்தினோம். யானையைப் பற்றிப் பேசும்போது பாகனை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. கோயில் யானைப் பாகர்களுக்கும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகர்களுக்கும் முழுக் காப்பீடும் முறையான பயிற்சியும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

கோயில்களோ தனியாரோ இனி புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதையும் நினைவூட்டுகிறேன். அப்படியானால் இப்போது இருப்பவை முதுமை அடையும்போது போக இடம் வேண்டும். ஐம்பது வயதில் மீட்கப்படும் யானை இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடும். அத்தனை நாளும் தீவனம், மருந்து, ஆள் சம்பளம் எல்லாம் வேண்டும். மீட்கும் அன்று பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பத்தாவது ஆண்டில் நாம்தான் இருக்க வேண்டும். அதனால்தான் ஒருமுறை நன்கொடையைவிட மாதச் சந்தாவை இவ்வளவு வற்புறுத்துகிறேன். திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணர் கோயில் 2023-இல் இயந்திர யானையை ஏற்றுக்கொண்டது. நம்மில் சிலருக்கு அது உறுத்தலாக இருக்கிறது. எனக்கு அந்தக் கோயிலார் மேல் மரியாதைதான் கூடியது.

வரும் ஆண்டில் புல் வளர்க்கும் பரப்பைக் கூட்டுவதும், பள்ளிகளில் அந்த மருத்துவரைப் பேச வைப்பதும் திட்டத்தில் உள்ளன. வயலில் புல் அறுக்க வாரம் ஒரு காலை வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். நிலம் தந்தவர்களுக்கும், டெம்போ வாடகை வாங்காமல் கட்டுகளை ஏற்றிச் சென்ற உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்