லேசர் சூடும் விழித்திரையும்: மகளுக்கு

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கணிப்பை முழுக்க வாசித்தேன். விழித்திரைக்கு லேசர் போடும்போது எவ்வளவு இழையம் கருகும் என்று பார்க்க நீ பிடித்த வழி சரி. ஆனால் கணிப்புக்காக இழையத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை நுணுக்குவதில் செலவழித்த நேரத்தில் பாதியையாவது ஒளி எங்கே உறிஞ்சப்படுகிறது என்பதற்குக் கொடு பிள்ளை.

ஏன் என்று சொல்கிறேன். வெப்பநிலையிலிருந்து சேத வேகத்தைத் தரும் அரீனியஸ் சமன்பாட்டில், 1947இல் ஹென்ரிக்ஸ் தோல் எரிகாயத்துக்குத் தந்த எண்களைப் போட்டிருக்கிறாய்: முன்காரணி செக்கனுக்கு 3.1 × 10⁹⁸, ஏவற்சக்தி மோலுக்கு 6.28 × 10⁵ ஜூல். கையால் ஒருதரம் போட்டுப் பார். சேதத்தைக் கூட்டிவரும் அளவான ஒமேகா 1ஐத் தொட 55 பாகையில் 30 செக்கன் அளவில் பிடிக்கும், 60இல் ஒரு செக்கன், 65இல் 33 மில்லிசெக்கன்தான். ஒரு பாகை கூடினாலே சேத வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 37இலிருந்து 60க்கு ஏறும் 23 பாகையில், உறிஞ்சற் குணகம் பத்து வீதம் பிழைத்தால் வெப்பநிலை 2.3 பாகை மாறும். சேத வேகம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மாறும். வலையில் வரும் பிழை இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

விழித்திரைக்கென்று வெளியான எண்களுக்கு மாறும்போது இரண்டையும் ஒரே ஆய்விலிருந்து எடு. ஒன்றிலிருந்து ஏவற்சக்தியையும் இன்னொன்றிலிருந்து முன்காரணியையும் எடுத்தால் விடை பல படிநிலை தள்ளிப் போய்விடும். ஒமேகா 1 என்பது 63 வீதச் சேதம், அவ்வளவுதான். அந்த இடத்தில் டொக்டரின் கண்ணுக்கு வெள்ளைப் பொட்டு தெரியும் என்று எழுதாதே. விழித்திரையின் அடியிலுள்ள நிறமி மேலணிக் கலங்கள் செத்தும் மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வெள்ளை தெரிவது அதற்கு மேலுள்ள நரம்புப் படை, முட்டை வெள்ளைக்கரு போல உறைந்த பிறகு.

இனி உறிஞ்சல். 532 நனோமீற்றர் பச்சை ஒளியைப் பெரும்பாலும் பிடிப்பது ஏறக்குறைய 10 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள நிறமி மேலணியும் அதன் கீழுள்ள, இரத்தக்குழாய்கள் நிறைந்த கோரொயிட் படையும். மேலணியின் மெலனின் ஆளுக்காள் வேறுபட்டாலும் இனத்துக்கு இனம் பெரிதாக மாறாது. கோரொயிட்டினது நன்றாகவே மாறும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நீரிழிவோடு வரும் எங்கள் சனத்தின் கோரொயிட் கறுத்தது. வெளிறிய கண்களில் எடுத்த ஒற்றைக் குணகத்தை இரண்டு படைக்கும் போட்டால் அவர்களுக்குக் கணிப்பில் சூடு குறைத்தே வரும். இரண்டையும் தனித்தனிப் பரமானமாக வை. கண்புரையும் கண்ணாடித் திரவத்தில் கசிந்த இரத்தமும் ஒளியை மறிக்கும். வலு கூட்டிய பிறகு தெளிவான இடம் வந்தால் அங்கே லேசர் அடி கூடிவிடும். ஆகவே ஊடுகடத்தலும் ஒரு மாறி.

பொட்டின் அளவையும் சரிபார். இயந்திரத்தில் 200 மைக்ரோமீற்றர் வைத்தாலும் கண்ணில் வைத்துப் பார்க்கும் சில அகலப்பார்வைத் தொடுவில்லைகளால் விழித்திரையில் ஏறத்தாழ 400 விழும். பரப்பு நான்கு மடங்கு, வலு அடர்த்தி கால்பங்கு.

மற்றவை சுருக்கமாக. மேலணிக்குள் வலை 1 மைக்ரோமீற்றர் போதும். ஆனால் இப்போதைய வெப்பநிலையிலிருந்தே அடுத்ததை நேராகக் கணிக்கும் வெளிப்படை முறையில், இருபரிமாண வலைக்கு, நேரப்படி 1.8 மைக்ரோசெக்கனைத் தாண்டினால் விடை வெடித்துச் சிதறும். 100 மில்லிசெக்கனில் வெப்பம் ஏறத்தாழ 240 மைக்ரோமீற்றர் பரவும், 20 மில்லிசெக்கனில் 105. எல்லையை ஒரு மில்லிமீற்றருக்கு அப்பால் தள்ளு. லேசர் நின்றதும் சேதத்தின் தொகையீட்டை நிறுத்தாதே, ஆறும் நேரத்திலும் சேதம் நடக்கும். இவ்வளவு குறுகிய அடிக்குப் பென்னிஸ் என்ற இழைய வெப்பச் சமன்பாட்டில், இரத்தம் சூட்டைக் கொண்டுபோவதைச் சொல்லும் குருதியோட்ட உறுப்பை விடலாம். 60 செக்கன் நீடிக்கும் 810 நனோமீற்றர் சூடேற்றலுக்கு விடவே கூடாது. வெப்பநிலை 100 பாகையைத் தாண்டினால் நீர் ஆவியாகி இழையம் கிழியும், இரத்தம் கசியும். உன் சமன்பாட்டில் ஆவியாதல் இல்லை. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறி.

அடுத்த முறை கோரொயிட் குணகத்தை இருபது வீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, ஒமேகா 1இன் எல்லைக் கோடுகள் மூன்றையும் ஒரே படத்தில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா