ஹூஸ்டனில் இருக்கும் அண்ணனுக்கு

அண்ணா,

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நியூ ஆர்லியன்ஸ், லேக்வியூவில்தான். அண்ணி மூலமாகச் சேதி வந்திருக்கும், ஆனாலும் நானே சொல்லவேண்டும் என்றிருந்தது, அதுவும் செப்டம்பர் 25 அன்று.

2005-ல் வந்த கட்ரீனா புயல், உடைந்த கால்வாய், நாம் காரில் கிளம்பியது இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ பார்க்காதது 2006-ல் இதே செப்டம்பர் 25, அந்தத் திங்கட்கிழமை ராத்திரியை. முந்தைய வருஷம் சான் அன்டோனியோவிலும் பேடன் ரூஜிலும் ஆடி 3 வெற்றி, 13 தோல்வி என்று முடித்த நம்ம ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி செயின்ட்ஸ், புயலின்போது ஆயிரக்கணக்கானவர்கள் புழுக்கத்தில் தவித்துக் கிடந்த அதே சூப்பர்டோம் ஸ்டேடியத்துக்குத் திரும்பி ஆடிய முதல் ஆட்டம். தொடங்கி ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. எதிரணி அட்லாண்டாவால் பந்தை நகர்த்த முடியாமல் உதைத்து அனுப்ப நின்றார்கள். நம்ம ஸ்டீவ் கிளீசன் நடுவில் புகுந்து பாய்ந்து, காலிலிருந்து கிளம்பிய பந்தை மறித்தான், அது பின்னால் உருண்டோட, நம்ம கர்டிஸ் டிலோட்ச் கோல் கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்தான், டச்டவுன், ஆறு புள்ளி. எழுந்த சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர், யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. மறுநாள், ‘ஒரு ஆட்டம் ஜெயித்தால் வீட்டுக்குக் கூரை வந்துவிடுமா?’ என்றாய்.

வராதுதான். ஆனால் யாராவது முதலில் திரும்பி வரவேண்டும் இல்லையா? பந்தெறியும் தோளே கிழிந்து ஆபரேஷன் ஆன குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸை மயாமி அணி நம்பவில்லை, இங்கே நம்பினார்கள், அவனும் பாதி காலியான ஊருக்கு வந்தான். செயின்ட்ஸின் புதுக் கோச் ஷான் பெய்டன் அதற்குமுன் ஹெட் கோச்சாக இருந்ததே இல்லை. அந்த சீசனில் 10 வெற்றி, 6 தோல்வி. அதற்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் பிலடெல்பியாவை 27-24 என்று ஜெயித்தார்கள். சிகாகோவில் 39-14 என்று தோற்றதில் எனக்கு வருத்தமில்லை, செயின்ட்ஸ் அதுவரை அவ்வளவு தூரம் போனதே கிடையாது.

இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு என்று சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை நகர்த்திக் காட்டுவாய். அதனால்தான் 2010 பிப்ரவரியில் செயின்ட்ஸ் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்த ராத்திரி முதல் ஆளாகக் கூப்பிட்டு நீ கத்தியபோது எனக்கு எரிச்சலாக வந்தது. கஷ்டப்பட்ட வருஷத்தில் இல்லாமல் கோப்பைக்கு மட்டும் வந்தாயே.

அப்பா கடைசியாக உன் வீட்டில் இருந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தைச் சித்தப்பா பிள்ளைகளும் படிக்கிறார்கள். உனக்கு வலித்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் நான் இந்த ஊரில் இருந்ததையும் அதையும் ஒன்றாக்காதே, உன்னோடு அவர் நன்றாக இருந்தார் என்றுதான் நானும் நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளக் காப்பீடு எடுத்தாயா என்று கேட்பாய், எடுத்திருக்கிறேன். அட்லாண்டா இங்கே ஆட வரும் வாரம் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, டிக்கெட் என் பொறுப்பு. ஹூஸ்டனில் வேலை இருக்கிறது என்ற பேச்சை மட்டும் எடுக்காதே.