மாஸ் எஃபெக்ட் ரசிகர்களுக்கு: என் தங்கை மகனை விட்டுவிடுங்கள்

அன்புள்ள மாஸ் எஃபெக்ட் ரசிகர்களுக்கு,

நீண்ட கதையாக ஒரு கேம் சொல்லுங்கள் என்று சென்ற மாதம் என் தங்கை மகன் கேட்டான். யோசிக்காமல் மாஸ் எஃபெக்ட் என்றேன். ஷெப்பர்ட் என்ற விண்கப்பல் தலைவராக நாம் விளையாடும், மூன்று பாகங்கள் கொண்ட விண்வெளிக் கதை அது. மறுநாளே போன் வந்தது. "மூன்றாம் பாகத்தின் முடிவு படுமோசமாமே மாமா? எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கா நூறு மணி நேரம்?" அந்த 'எல்லாரும்' நீங்கள்தான். (இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். கீழே கதை முழுவதையும் போட்டு உடைக்கப்போகிறேன்.)

2012 மார்ச்சில் நானும் உங்களோடு சேர்ந்து கொதித்தவன்தான். 2007இல் தொடங்கிய கதை. விர்மையர் என்ற கிரகத்தின் கடற்கரையில், நம்மை எதிர்த்து நின்ற கூட்டாளி ரெக்ஸைச் சுட்டோமா, பேசிச் சமாதானப்படுத்தினோமா என்பதை அடுத்த இரண்டு பாகங்களும் நினைவில் வைத்திருந்தன. அதற்காக நம் தேர்வுகள் பதிவான பழைய சேவ் ஃபைலை நகைப்பெட்டி போலப் பாதுகாத்தோம். கடைசியில் சிறுவன் உருவில் வந்த ஓர் இயந்திரம் அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு மூன்று வழிகளைக் காட்டியது. சிவப்பு, நீலம், பச்சை. எதில் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, வெளிச்சத்தின் நிறம் மட்டும் வேறு. இந்த கேமை உருவாக்கிய, எட்மன்டனில் இருக்கும் பயோவேர் நிறுவனத்துக்கு ரசிகர்கள் 400 கப்கேக்குகள் அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? மேலே மூன்று நிறப் பூச்சு, கடித்தால் ஒரே சுவை. அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. கோபத்தோடு கோபமாகக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்பொன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்ததும் இதே கூட்டம்தான். ஜூன் 26 அன்று விரிவாக்கப்பட்ட முடிவு இலவசமாக வந்தது. விளக்கம் கூடியது, எரிச்சல் சற்றுத் தணிந்தது, அவ்வளவுதான். கடைசிக் காட்சிகள் எல்லாம் ஷெப்பர்டின் மனமயக்கம் என்றொரு வாதம் கிளம்பியபோது, இரண்டு மாதம் நோட்டுப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு ஆதாரம் தேடியவன் நான். பொய்யான வாதமாகவே இருக்கட்டும், அந்த இரண்டு மாதமும் சந்தோஷமாகப் போனது.

ஆகவே முடிவு நன்றாக இருந்தது என்று சாதிக்க வரவில்லை. பயணம்தான் முக்கியம், போய்ச் சேருமிடம் முக்கியமில்லை என்ற ஆறுதலும் எனக்கு ஒத்துவராது. டிக்கெட் வாங்கியவனுக்கு ஊர் வந்து சேர வேண்டும். நான் கேட்பது வேறு. எந்த இடத்தை நீங்கள் முடிவு என்கிறீர்கள்?

மோர்டின் என்ற விஞ்ஞானியை எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்ஸின் குரோகன் இனத்தில் ஆயிரம் கருவில் ஒன்றுதான் பிழைக்கும் என்ற நிலையை உண்டாக்கிய நோய் வலுவிழந்து வந்தபோது, அதை மறுபடி கூர்தீட்டியவர்களில் ஒருவர் அவர். இரண்டாம் பாகம் முழுவதும் அதற்குக் கணக்கு காட்டி நியாயம் பேசுவார். மூன்றாம் பாகத்தில், குரோகன்களின் கிரகமான டுசாங்காவில், அந்த நோய்க்கான மருந்தைக் காற்றில் கலக்க இடிந்துகொண்டிருக்கும் கோபுரத்துக்குள் ஒருவர் ஏறியாக வேண்டும். தானே போவதாகச் சொல்கிறார். வேறு யாராவது போனால் தப்பாகச் செய்துவிடக்கூடும் என்கிறார். கடற்கரையில் உட்கார்ந்து சிப்பிகளை ஆராய்ந்திருக்கலாம் என்று ஒரு சின்ன ஆசையைச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறுகிறார். மேலே தீ, வெடிப்பு. இவர் விசைகளை அழுத்தியபடி தன் பழைய பாட்டை முணுமுணுக்கிறார். பாட்டு பாதியில் நின்றுபோகிறது. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அது முடிவு இல்லையென்றால் வேறென்ன?

ரான்னக் கிரகத்தில், 'நாங்கள்' என்றே பேசிவந்த லீஜியன் என்ற இயந்திரம் சாகும் நேரத்தில் 'நான்' என்கிறது. அதுவும் ஒரு முடிவு. சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்தின் உச்சியில் நண்பன் கேரஸும் ஷெப்பர்டும் பாட்டில்களை வீசிச் சுடும் காட்சி இன்னொன்று. யார் குறிபார்ப்பதில் கெட்டிக்காரர் என்ற நெடுநாள் பந்தயம். கேரஸ் சுட்டுவிட்டான், அடுத்த பாட்டில் பறக்கிறது, சுடுவதா தவறவிடுவதா என்று விளையாட்டு நம்மிடமே விடுகிறது. மூன்று முறை விளையாடியும் மூன்று முறையும் வேண்டுமென்றே தவறவிட்டேன். அவனுடைய கூச்சலைக் கேட்பதற்காகத்தான். உலகம் அழியப்போகும் வேளையில் நண்பனுக்கு ஒரு பாட்டிலை விட்டுக்கொடுக்க இடம் வைத்தார்களே, அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் மூன்று நிற வெளிச்சம் எனக்குச் சின்னக் குறையாகத் தெரிகிறது.

மூன்றாம் பாகம் முழுவதுமே ஒரு நீண்ட வழியனுப்பல். ஒவ்வொருவராக விடைகொடுத்தாகிவிட்டது. ரத்தம் கசிய ஷெப்பர்டும் அவருடைய பழைய தலைவர் ஆண்டர்சனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பூமியைப் பார்ப்பார்களே, என் கணக்கில் கதை அங்கே நிறைந்துவிட்டது. அதன் பிறகு வந்தது வாசலில் நின்று இழுத்த பேச்சு.

அடுத்த முறை ஒரு புதியவர் வந்து கேட்டால், முடிவைப் பற்றி வாய் திறக்காதீர்கள். உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கப்பலைச் சுற்றிவந்து எல்லாரிடமும் பேசச் சொல்லுங்கள். ரெக்ஸின் பாட்டன் வழிக் கவசத்தைத் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தில் கப்பல் ஊழியர்களை எதிரிகள் கடத்திக்கொண்டு போன பிறகு வேறு வேலைகளில் சுற்றிக்கொண்டிருந்தால் அவர்கள் செத்துப்போவார்கள் என்று எச்சரியுங்கள். முதல் முறை எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. 2021இல் வந்த தொகுப்பில் மூன்று பாகங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. அதில் உள்ள சிட்டாடல் விருந்துக் கதையைக் கடைசித் தாக்குதலுக்குச் சற்று முன்புவரை தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பையன் ஒருவழியாகத் தொடங்கிவிட்டான். நேற்று இரவு பதினோரு மணிக்கு மறுபடி போன். "மாமா, ரெக்ஸ் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். என்ன பதில் சொல்வது?" உன் பாடு, அவன் பாடு என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்களும் அவனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று முறை ஷெப்பர்டாக வாழ்ந்தவன்