பெயர்ப்பலகையில் நாட்டின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். சென்னையில் கிளை திறந்திருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வால்வு உதிரிபாகங்கள் கடைந்து கொடுத்தேன். பணம் வர வேண்டிய நேரத்தில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு சின்னம் மட்டுமே. எந்த நாட்டு நிறுவனம் என்று அங்கேயும் இல்லை, அவர்கள் அனுப்பிய கடிதங்களிலும் இல்லை.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, இங்கே கிளை திறக்கும் வெளிநாட்டு நிறுவனம் 30 நாட்களுக்குள் கம்பெனிகள் பதிவாளரிடம் ஆவணங்களைத் தர வேண்டும். அதன் சார்பில் நோட்டீஸ் பெற்றுக்கொள்ள, இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் அதில் கட்டாயம். அந்த ஒரு வரி இருந்ததால்தான் என் வக்கீலால் நோட்டீஸ் அனுப்ப முடிந்தது.

382ஆவது பிரிவு அதைவிட எளிது. ஒவ்வோர் அலுவலகத்தின் வெளியிலும் நிறுவனத்தின் பெயரும் அது பதிவான நாடும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனை வாசல்களில் தமிழில் பார்க்கிறோம்? (இங்கேயே பதிவான துணை நிறுவனங்களுக்கு இது பொருந்தாது.)

பதிவாளர் அலுவலகத்தினர் நேரில் போய்ப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும். கடனுக்குச் சரக்கு அனுப்பும் சிறுதொழில் செய்வோர், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டி, அந்த நிறுவனம் பதிவாளரிடம் தந்த ஆவணங்களை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டறை உரிமையாளர்,
அம்பத்தூர்